கை தூக்கினால் போதும்

மே 11, ஞாயிறு

மேடம் சொன்னபடி இன்றைக்கு ஆரம்பிக்கிறேன். குடும்ப நல ஆலோசனை மேடத்துக்கு ஒரு நம்பிக்கை. மனுஷன் தன் கோபத்தை எழுதி வைத்தால் அது குறைந்துவிடுமாம். மஞ்சள் மண்டி குழந்தைவேலாகிய நான் இதுவரை எழுதியதெல்லாம் லாரி நம்பரும் மூட்டைச் சீட்டும்தான். இருந்தாலும் எழுதுகிறேன். கோபம் வந்தால் அன்றே எழுத வேண்டும், வராவிட்டால் வரவில்லை என்று எழுத வேண்டும், அதுதான் உத்தரவு.

மூன்று மாதமாக என் மனைவி பூங்கோதையும் மகள் சாருவும் மச்சான் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு வாரம் மூவரும் எங்காவது சேர்ந்து இருந்துவிட்டு வாருங்கள், அதன் பிறகு பூங்கோதை தன் முடிவைச் சொல்லட்டும் என்றார் மேடம். பூங்கோதை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரையும் வரும் என்றேன். உடனே சாரு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அப்பனைவிடக் குதிரை பெரிதாகிவிட்டது. எப்படியோ வந்தார்கள், எனக்கு அது போதும்.

இடம் பவானி ஆற்றங்கரை. மருத மரத் தோப்புக்குள் கூடாரம் அடித்துக் குடும்பத்தோடு தங்கலாம், குதிரையையும் கூட்டி வரலாம். குதிரைக்குத் தனியாகத் தண்ணீர்த் தொட்டி, புல், நிழல் எல்லாம் உண்டு. நடத்துவது ஜன்னத் என்ற முப்பத்தைந்து வயதுப் பெண். பிக்கப் வண்டியிலிருந்து என் குதிரை மாவீரனை இறக்குவதற்கு முன்பே விதிகளை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆண் குதிரைகளை வடக்குப் பக்கம் கட்ட வேண்டும், பெட்டைகளைத் தெற்குப் பக்கம். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் சங்கு ஊதும், ஊதினால் யாரும் ஆற்றில் இருக்கக் கூடாது. கடைசியாக, சாட்டையை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். கிளம்பும்போது திருப்பித் தருவாளாம்.

சாட்டை இல்லாமல் ஆண் குதிரையை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டேன். "இங்க யாருக்கும் தேவப்பட்டதில்லீங்கண்ணா" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்துவிட்டேன். எனக்கு அது தேவையும் இல்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

மாவீரன் போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனக் குதிரை. தும்பைப்பூ வெள்ளை, காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனி முட்டிக்கொண்டு நிற்கும். சாரு அவனைத் தயிர் என்று கூப்பிடுகிறாள். இவ்வளவு கம்பீரமான மிருகத்துக்குத் தயிர் என்று பெயர். அந்தக் கழுதையும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

கூடாரத்துக்கு முளை அடிக்கும்போது கல்லுக்கு அடியிலிருந்து பாம்பு ஒன்று வந்தது. கையில் மரக் கொட்டாப்புளி இருந்தது. அடித்தேன். அது தண்ணீர்ப் பாம்பு, ஒன்றும் செய்யாது, விடுங்கள் என்று சாரு கத்தினாள். பாதியில் விட்ட பாம்பு தேடி வரும் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தலை எது வால் எது என்று தெரியாத வரைக்கும் அடித்தேன். மண்ணோடு மண்ணாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பேரும் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். பாம்புக்கு அவ்வளவு பயம்.

கோபம் வரவில்லை.

மே 12, திங்கள்

கோபம் வரவில்லை. பூங்கோதை கொள்ளு கடைசல் வைத்திருந்தாள். குதிரைக்கும் எங்களுக்கும் ஒரே மூட்டையிலிருந்து என்று சிரித்தேன், சாருவும் கொஞ்சம் சிரித்தாள்.

தண்ணீர்க் குடத்தைப் பூங்கோதையால் தூக்க முடியவில்லை, ஜன்னத்தான் தூக்கிக் கொடுத்தாள். பூங்கோதைக்கு இடது மணிக்கட்டு சரியில்லை. போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள்.

மே 13, செவ்வாய்

இன்று நல்ல நாள். மேடம் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

பக்கத்துக் கூடாரத்தில் திண்டுக்கல்காரர் ஒருவர், பாண்டித்துரை என்று பெயர், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருக்கிறார். ரேக்ளாப் பந்தயம் விடுகிற ஆள். அவருடைய பெட்டைக் குதிரை செவலை நிறம், நல்ல கட்டுமஸ்து. சாயங்காலம் எல்லோரும் கரையில் கூடியபோது அவர் விசிலடித்தார். அது ஓடிவந்து அவர் சட்டைப்பையிலிருந்து வெல்லத்தை எடுத்துத் தின்றது. குழந்தைகள் கைதட்டினார்கள். நான் சும்மா இருப்பேனா?

மாவீரனை அவிழ்த்துக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினேன். கயிறு இல்லை, கடிவாளம் இல்லை. பத்தடி தள்ளி நின்று வலது கையை மட்டும் மேலே தூக்கினேன். அவ்வளவுதான். மாவீரன் தலையைத் தாழ்த்திக்கொண்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போனான். கையை இறக்கினேன், நின்றான். மறுபடி தூக்கினேன், மறுபடி போனான். ஒரு வார்த்தை பேசவில்லை. இதைப் பழக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. சாட்டை பிடித்த கையைத் தூக்கித் தூக்கிப் பழக்கியது. இப்போது சாட்டையே வேண்டாம், கை தூக்கினால் போதும்.

முதல் தடவை பலமாகக் கைதட்டினார்கள். இரண்டாவது தடவை சத்தமே இல்லை. பார்த்தால் ஒருத்தர்கூடக் குதிரையைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் திரும்பினேன். பூங்கோதையும் சாருவும் முன்பு நின்ற இடத்தில் இல்லை. பின்னால் போய்க் கூடாரத் துணியில் முதுகு ஒட்ட நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் தலையை ஒரே மாதிரி ஒருபக்கம் சாய்த்திருந்தார்கள். பூங்கோதை கையிலிருந்த டீ அவள் சேலை முழுவதும் கொட்டியிருந்தது. சுடு டீ. அதைத் துடைக்கக்கூட இல்லை.

குதிரை மேலே வந்துவிடும் என்று பயந்துவிட்டார்கள் போல. குதிரை போனது அந்தப் பக்கம், ஆனாலும் பெண்களுக்கு அது எங்கே தெரிகிறது. கூட்டம் கலைந்துவிட்டது.

ஜன்னத் மாவீரனின் கழுத்தை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். "அது பழக்கம் இல்லீங்கண்ணா, பயம். பயந்த குதிரைய மட்டும் தண்ணிக்குள்ள எறக்காதீங்க, எங்க போவும்னே தெரியாது" என்றாள். என் குதிரையைப் பற்றி எனக்கே வகுப்பு எடுக்கிறாள். சரிம்மா என்றேன். சரிம்மா என்றுதான் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. மேடம் இதைக் கவனிக்க வேண்டும்.

கோபம் வரவில்லை.

மே 14, புதன்

இன்றைக்கு நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

வடக்குப் பக்கம் வெயில் ஏறிவிட்டது. மாவீரனைக் கொஞ்சம் தெற்கே தள்ளி, பெரிய மருத மரத்து நிழலில் கட்டினேன். விதி என்று ஒன்று இருந்தால் நிழல் என்று ஒன்றும் இருக்கிறது. காற்று தெற்கிலிருந்து அடித்தது. பாண்டித்துரையின் பெட்டை பருவத்துக்கு வந்திருந்ததை அந்த மனுஷன் யாரிடமும் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பம்.

மாவீரன் முளையைப் பிடுங்கிக்கொண்டு போனான். போன வேகத்தில் துணி காயப்போட்ட கயிறு, சமையல் அடுப்பு, ஒரு சைக்கிள் எல்லாம் சரிந்தன. பெட்டை பின்னங்காலால் அவன் மார்பில் உதைத்தது. எலும்பில் விழுந்த சத்தம் ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இவன் அதன் பிடரிக்குக் கீழே கவ்வி, விடாமல் தொங்கினான். செவலைத் தோல் கிழிந்து வாய் முழுக்க ரத்தம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். பாண்டித்துரை ஓடிவந்து கல்லை எடுத்து மாவீரன் மேல் எறிந்தார். கல் கண்ணுக்குக் கீழே பட்டது.

என் குதிரையை அடுத்தவன் அடிப்பதா?

நான் அவரைப் பிடித்து நிறுத்தத்தான் போனேன். அவர் திரும்பின வேகத்தில் அவருடைய முகம் என் கையில் பட்டது. மூக்கு என்பது மனுஷ உடம்பில் ரொம்ப மெல்லிய சமாச்சாரம், அதற்கு நான் பொறுப்பில்லை. கீழே விழுந்தவர் எழுந்து என் காலைப் பிடித்தார். கால் தன்னால் உதறிக்கொண்டது. பிறகு நாலு பேர் என்னை இழுத்தார்கள். அவருடைய சின்னப் பெண் "அப்பா, அப்பா" என்று அழுதுகொண்டிருந்தது. அந்தக் குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை.

ஜன்னத் பெட்டைக்குக் கழுத்தில் தையல் போட ஆளைக் கூப்பிட்டாள். பாண்டித்துரை போலீசுக்குப் போகவில்லை. குழந்தைகளின் லீவு கெட்டுப்போகும் என்றாராம். பெரிய மனுஷத்தனம் காட்டுகிறார்.

என் சட்டையில் ரத்தம். பூங்கோதை அதைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். ஜன்னத் அடுப்பில் வெந்நீர் இருக்கிறது, தருகிறேன் என்றாள். "வேண்டாமுங்க. ரத்தத்துக்குப் பச்சத் தண்ணிதான். சுடுதண்ணி ஊத்துனா கறை ஒட்டிக்கும்" என்றாள் பூங்கோதை. அவ்வளவுதான் பேச்சு. ஜன்னத் அங்கேயே நின்று அவள் கசக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தானும் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். துவைக்கிறவளைப் பார்க்க என்ன இருக்கிறதோ.

கோபம் வந்தது. எழுதிவிட்டேன். மேடத்துக்கு இப்போது திருப்தியாக இருக்கும்.

மே 15, வியாழன்

ஜன்னத் இன்றைக்கே எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். முன்பணத்தைத் திருப்பித் தருகிறாளாம், யாருக்கு வேண்டும். நான் பதில் சொல்வதற்குள் பூங்கோதை, "குதிரையும் பொண்ணும் இன்னிக்கு மட்டும் இருக்கட்டுமுங்க" என்றாள். நான் என்ற பேச்சே அதில் இல்லை. ஜன்னத் சரி என்றாள், நாளைக் காலையில் கிளம்ப வேண்டும்.

மாவீரனுக்கு மார்பு வீங்கியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கல் பட்ட காயம். ஆனால் செய்த தப்பு தப்புதானே. பெட்டையைப் பார்த்ததும் எஜமான் மறந்துபோவது என்றால் அப்புறம் எதற்குத்தான் பழக்கம்? நேற்று அவன் ஓடும்போது நான் கை தூக்கினேன். அவன் திரும்பியே பார்க்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் மத்தியானம் அவனை வாழைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய்ப் புத்தி சொன்னேன். சாட்டை வாசலில் இருக்கிறது. கூடாரக் கயிறுதான் கிடைத்தது. கயிறு ஈரமாக இருந்ததால் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டிருக்கும். முகத்தில் அடிக்கவில்லை. பின் தொடையிலும் விலாவிலும்தான். வெள்ளைத் தோல் என்பதால் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிகிறது, கறுப்புக் குதிரையாக இருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. கட்டிப் போட்டிருந்ததால் அவன் எங்கும் போக முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்னங்கால் இரண்டும் மடிந்து மண்ணில் விழுந்தான். குதிரை அழாது என்கிறார்கள். மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விழுந்த பிறகு நான் அடிக்கவில்லை. ஒன்று இரண்டு, அவ்வளவுதான்.

திரும்பினால் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு சாரு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. புத்தி சொன்னால்தான் மிருகம் கேட்கும், விழுந்த பிறகு நான் அடிக்கவில்லை என்று அவளுக்கும் விளக்கினேன்.

"எங்களுக்கும் அப்படித்தானப்பா. விழுந்ததுக்கப்பறம் ஒண்ணு ரெண்டுதான்" என்றாள்.

குரலை உயர்த்தாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. கை தூக்கினேன், அவ்வளவுதான். அவள் போய்விட்டாள்.

மே 16, வெள்ளி

காலை. மாவீரனைக் கட்டிய இடத்தில் முளை மட்டும் இருக்கிறது. சாருவின் படுக்கை காலி. அவள் குதிரையில் ஏறி ஆற்றின் நடுவில் இருக்கிற மணல்திட்டுக்குப் போய்விட்டாளாம். அப்பா கிளம்பிப் போன பிறகுதான் கரைக்கு வருவேன் என்று கத்தினாளாம். பூங்கோதை கரையில் உட்கார்ந்திருக்கிறாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

போய்க் கூட்டி வருகிறேன். கோபம் வரவில்லை.

மே 19, திங்கள்

ஆஸ்பத்திரி. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். இந்தப் பக்கத்தை மேடத்திடம் காட்டுவேனா என்று தெரியாது. அன்றைக்கு நடந்ததை எங்காவது ஒரு தடவை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

நான் கரைக்குப் போனபோது தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. கரைக்கும் திட்டுக்கும் நடுவில் குதிரையின் முழங்கால் அளவு. திட்டுக்கு அந்தப் பக்கம்தான் கசம், அங்கே ஆள் ஆழம் தாண்டி இழுப்பும் உண்டு. சாரு சேணம் இல்லாமல் மாவீரன் மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் மேல் அந்தச் சிவப்புக் கோடுகள் கரையிலிருந்தே தெரிந்தன. கரையில் நின்றிருந்த எல்லோருக்கும் தெரிந்தன. பாண்டித்துரை மூக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

வா சாமி, வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். நல்லபடியாகத்தான் கூப்பிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். நான் தண்ணீரில் ஒரு காலை வைத்தேன். அப்போது சங்கு ஊதியது.

ஜன்னத் எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிக் கத்தினாள். தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முதலில் நிறம் மாறியது. பிறகு நாணல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டின் ஓரம் கரைந்து உள்ளே விழுந்தது. சாருவுக்குப் புரிந்துவிட்டது. குதிரையைக் கரைப் பக்கம் திருப்பினாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் முகம் எனக்குத் தெரிந்தது, வெளுத்துப்போயிருந்தது. அவள் குதிகாலால் தட்டினாள். மாவீரன் தண்ணீருக்குள் காலை வைத்தான். வயிறு நனைந்தது. வந்துகொண்டுதான் இருந்தான்.

நான் கையைத் தூக்கி, "வா, வா, இந்தப் பக்கம்" என்றேன்.

மாவீரன் நின்றான். தலையைத் தாழ்த்தினான். பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தான்.

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. பெற்ற பெண் ஆற்றில் போய்க்கொண்டிருக்கிறாள், கையை ஆட்டிக் கூப்பிடாமல் வேறு எந்த அப்பன் எப்படிக் கூப்பிடுவான்? அவள் முதுகில் தட்டினாள், பிடரியைப் பிடித்து இழுத்தாள், அவன் கேட்கவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்த் திட்டில் ஏறினான். திட்டிலும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் கசத்தை நோக்கிப் போனான். சாரு என்னைப் பார்க்கவில்லையோ என்று நினைத்து நான் கையை இன்னும் உயரத் தூக்கினேன். தண்ணீர் இரைச்சலில் யார் யாரோ கத்தினார்கள். "கைய எறக்குங்கண்ணா" என்று ஜன்னத் கத்தினாளாம். என் காதில் எதுவும் ஏறவில்லை. மாவீரனின் பின்னங்கால்கள் கசத்தின் விளிம்பில் சரிந்தன. சாரு "அம்மா" என்று கத்தினாள். அப்பா என்று கத்தவில்லை.

அப்போது என் முழங்கையில் ஏதோ விழுந்தது.

முதலில் மரக்கிளை என்றுதான் நினைத்தேன். பூங்கோதை நின்றிருந்தாள். கூடார முளை அடிக்கிற கொட்டாப்புளியை, அந்தச் சரியில்லாத மணிக்கட்டோடு, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கை தொங்கிவிட்டது. அவள் மறுபடியும் ஓங்கி அதே இடத்தில் அடித்தாள். இரண்டாவது அடிக்குத் தேவையே இல்லை. முதல் அடியிலேயே கை இறங்கிவிட்டது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் மண்டியிட்டு மண்ணில் விழுந்தேன். விழுந்த பிறகு இன்னொன்று, தோளில்.

கொட்டாப்புளியைப் போட்டுவிட்டு அவள் ஆற்றில் இறங்கினாள். இடுப்பளவு, மார்பளவு. சேலை முந்தானை தனியாக இழுத்துக்கொண்டு போனது. "தயிரு, வாடா தங்கம், வாடா" என்றாள். கையைத் தூக்கவே இல்லை, தண்ணீர் மட்டத்திலேயே நீட்டிக்கொண்டு கூப்பிட்டாள். பாண்டித்துரை தன் குதிரைக் கயிற்றை அவள் இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் மூக்குக் கட்டு நனைந்து அவிழ்ந்து, மறுபடி ரத்தம் வந்துகொண்டிருந்தது. மாவீரன் முன்னங்காலை மணலில் ஊன்றி ஒரு எம்பு எம்பினான். வந்தான். நீந்தி வந்தான். காது மட்டும் மேலே தெரிந்தது, சாரு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் கரையேறின இடம் என்னிடமிருந்து நாலு எட்டுதான். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவன் மறுபடி பின்னால் போய்விடுவானோ என்று மண்ணிலேயே முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஜன்னத்தின் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். டூட்டி டாக்டர் சின்னப் பையன். முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எப்படி ஆனது என்று கேட்டார். ஈரச் சேலையோடு பூங்கோதை சுவர் ஓரமாக நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் அவளும் என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று கெஞ்சவில்லை, சொல்லிக்கொள் என்று சவால் விடவும் இல்லை. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறவள் போல நின்றாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேனுங்க" என்றேன்.

டாக்டர் என் சட்டை முழுக்க இருந்த ஆற்று மணலைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார். போன வருஷமும் இதே மாதிரிதான் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கேள்வியை அவளிடம் கேட்டார்கள், பதிலை நான் சொன்னேன்.

தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கை இனி தோளுக்கு மேலே போகாது என்கிறார்கள். 

இன்று காலையில் பூங்கோதை வந்தாள். உட்காரவில்லை. "நாங்க அண்ணன் ஊட்டுக்கே போறமுங்க. மேடத்துக்கிட்டயும் சொல்லீட்டேன். குதிரைய சாரு கூட்டிட்டுப் போறா" என்றாள். சரி என்றேன். சாரு வெளியே இருக்கிறாளா என்று கேட்டேன். ஜீப்பில் இருக்கிறாள், வரமாட்டாள் என்றாள். அதற்கும் சரி என்றேன். மூன்று நாளாக என் துணி இருந்த பை கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தது, அதற்குள் அவள் சேலை ஒன்றும் இருந்தது. அதை எடுப்பதற்காக அவள் கையை மேலே தூக்கினாள்.

நான் தலையை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. உடம்பு தானாகப் போய்விட்டது.

அவள் கை பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் மிரண்ட குதிரைக்கு முன்னால் இறக்குவது போல மெதுவாகக் கையை இறக்கினாள். நர்ஸைக் கூப்பிட்டுப் பையை எடுத்துத் தரச் சொன்னாள். தன் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை என் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டது.

இன்றைக்குக் கோபம் வரவில்லை. பயமாக இருந்தது.